கண் வீக்கமா? இமையோடு நிற்கிறதா, குழிக்குள் இறங்கிவிட்டதா?

"ஐயா, கண்கட்டிதான். நாமக்கட்டி உரசிப் பத்துப் போட்டேன், கேக்கலை. நீங்க ஒரு சொட்டு மருந்து குடுங்க, சரியாயிடும்."

எட்டு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார் ஒரு பாட்டி. பையனுக்கு ஒரு வாரமாகச் சளி. முந்தின நாளிலிருந்து காய்ச்சல். இடது இமை சிவந்து, கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு இமையை மெல்லத் தூக்கினேன். "என் விரலையே பாரு கண்ணா" என்று விரலை நாலு பக்கமும் நகர்த்தினேன். வலது கண் விரலோடு வந்தது. இடது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. "வலிக்குது டாக்டர்!" என்று அழுதான்.

நான் சொட்டு மருந்து கொடுக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்து, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "உங்ககிட்ட மருந்து இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார் பாட்டி.

சித்த மருத்துவத்தில் கண் நோய்களை 96 என்று வகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்து வந்தவன்தான் நானும். ஆனால் எது நம் கையில் இல்லை என்று தெரிந்திருப்பதும் வைத்தியம்தானே!

சளிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் கிண்ணம்தான் கண் குழி. அதற்கும் மூக்கின் பக்கத்துக் காற்றறைக்கும் நடுவே இருக்கும் எலும்பு, காகிதம்போல மெல்லியது. சைனஸில் சேர்ந்த கிருமி அதைத் தாண்டிக் குழிக்குள் போய்விடும். குழந்தைகளுக்குக் கண் குழியில் சீழ் பிடிக்க முக்கியக் காரணம் இதுதான்.

இமைக்கும் குழிக்கும் இடையே ஒரு மெல்லிய திரை உண்டு. வீக்கம் திரைக்கு முன்னால் நின்றால் ஆபத்து குறைவு. ஆனாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். திரைக்குப் பின்னால் போனால் பார்வை நரம்பு நசுங்கும். கிருமி மூளை வரைக்கும் போகலாம்.

வீட்டிலேயே கவனியுங்கள்

1. விரலைப் பின்தொடர்ந்து பார்க்கும்போது கண் வலிக்கிறதா, நகராமல் நிற்கிறதா?

2. பின்னால் நின்று தலைக்கு மேலிருந்து பாருங்கள். ஒரு கண் முன்னே துருத்தியிருக்கிறதா?

3. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா?

4. நல்ல கண்ணை மூடிக்கொண்டால் பார்வை மங்குகிறதா, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறதா?

ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரவானாலும் "காலையில பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். ஸ்கேன் எடுத்து, நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் சீழை வடிப்பார்கள்.

பெரியவர்களுக்கு வந்தால்?

பெரியவர்களுக்குக் கண் துருத்தினால் தைராய்டு கோளாறு காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு கண்ணும் விழித்துப் பார்ப்பதுபோல ஆகும். ரத்தப் பரிசோதனையோடு ஸ்கேனும் தேவைப்படலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது முற்றும். உடனே விட்டுவிட வேண்டும். இன்னொரு வகையில் கிருமியே இருக்காது, காரணமும் பிடிபடாது. அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று சில சமயம் சதை எடுத்தும் பார்ப்பார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் பூஞ்சையும் வரும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று பயந்தோமே, அதுதான். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மூக்கில் கருப்பாக வருவது இதன் அடையாளங்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகாது.

பார்த்தீர்களா? வெளியே தெரிவது ஒரே வீக்கம். ஆனால் ஒன்றைத் தணிக்கும் ஸ்டீராய்டு, இன்னொன்றில் பூஞ்சையை வளர்த்துவிடும். அதனால்தான் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போடாதீர்கள் என்கிறேன். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று கண்ணில் எதையும் விடாதீர்கள். பத்துப் போட்டால் வீக்கம் எதுவரை இருக்கிறது என்பதே மறைந்துவிடும்.

எங்கள் மருந்துக்கு இடமே இல்லையா? உண்டு. பெரியவர்களுக்குச் சாதாரணச் சளி மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். குழந்தைகளுக்கு வெந்நீர் கொட்டிவிடும் பயம் உண்டு, வேண்டாம்.

அந்தப் பையனுக்கு எலும்புக்கும் கண்ணுக்கும் நடுவே சீழ் கட்டியிருந்ததாம். மூக்கு வழியாகவே வடித்துவிட்டார்கள். மாதம் கழித்துப் பாட்டி அவனை அழைத்து வந்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் சின்ன எழுத்தைக்கூட இடது கண்ணால் வாசித்துக் காட்டினான்.

"அன்னைக்கு உங்ககிட்ட மருந்து இல்லைன்னு கோவப்பட்டேன் ஐயா" என்றார் பாட்டி.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் சளியோடு கண் வீங்கினால், பத்துப் போடும் முன் விரலை நகர்த்திப் பாருங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.