பற்றலும் விடலும்

நுழையும்முன்

பெயரில் நஞ்சு; பணியிலோ ஊட்டம். தாயின் குருதியிலிருந்து உயிர்வளியையும் உணவையும் சேய்க்குச் சேர்க்கும் நஞ்சுக்கொடி, பேறு முடிந்ததும் தன் பணியை முடித்துக்கொள்கிறது. அது கருப்பையில் வேரூன்றும் தொடக்க நாள்களின் நுண்செயல்கள் தாய், சேய் இருவர் நலனையும் முடிவு செய்கின்றன. அச்செயல்களை இப்பாடம் விளக்குகிறது.

முதற்பிடி

கருவுற்ற ஆறேழு நாள்களில் கருக்கோளம் கருப்பையின் உட்சுவரைத் தொடுகிறது. அதன் வெளியடுக்கில் உள்ளவை டிரோஃபோபிளாஸ்ட் செல்கள். 'ட்ரோஃபே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஊட்டம் என்பது பொருள். இச்செல்களே பின்னர் நஞ்சுக்கொடியை உருவாக்குகின்றன. இவற்றின் மேற்பரப்பிலுள்ள எல்-செலக்டின் என்னும் ஒட்டுப் புரதம், கருப்பைச் சுவரின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றுகிறது. குருதியில் விரைந்தோடும் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் வேகம் தணிந்து நிற்க உதவுவதும் இப்புரதமே. ஓடும் ஆற்றில் கரையோர நாணலைப் பற்றி நிற்பதைப் போன்றது இம்முதற்பிடி.

ஆணை கேட்கும் ஏற்பிகள்

பற்றிய செல் அடுத்துச் செய்ய வேண்டியதை அறிவிப்பவை வளர்ச்சிக் காரணிகள். அவற்றுள் ஒன்றாகிய மேற்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் 1986ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இக்காரணிக்குரிய ஏற்பியின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியேயும் மறுபகுதி உள்ளேயும் இருக்கும். வெளியே காரணி வந்து பொருந்தியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. உட்பகுதி செயல்பட்டுச் செய்தியை உட்கருவரை கொண்டு செல்கிறது. நான்கைந்து வார நஞ்சுக்கொடியில் செல்களைப் பெருக்கத் தூண்டும் இக்காரணி, ஆறாம் வாரத்திற்குப் பின் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. ஆணை ஒன்றே, கேட்கும் செல்லின் பருவத்திற்கேற்பப் பயன் வேறுபடுகிறது.

பிடி மாறும் பயணம்

நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகளில் அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் செல்களை ஈ-கேட்ஹெரின் பிணைக்கிறது. ஆல்ஃபா 6 பீட்டா 4 இன்டெக்ரின் அவற்றை அடித்தளத்தில் நிறுத்துகிறது. கருப்பைச் சுவரினுள் நுழையப் புறப்படும் செல்கள் இப்பழைய பிடிகளைத் தளர்த்துகின்றன. ஆல்ஃபா 5 பீட்டா 1, ஆல்ஃபா 1 பீட்டா 1 ஆகிய புதிய இன்டெக்ரின்களை ஏந்துகின்றன. தாயின் சுருள் தமனிகளை அடைந்ததும் குருதிக்குழாய்ச் செல்களைப் போன்ற ஒட்டுப் புரதங்களைப் பெற்று, அக்குழாய்களின் உள்ளுறையாகவே மாறுகின்றன. இறுகியிருந்த தமனிகள் விரிந்து, குருதி தடையின்றிப் பாய்கிறது.

பிடி தவறினால்

முன்சூல்வலிப்பு என்னும் நோயுற்றவரின் நஞ்சுக்கொடியில் இப்பிடிமாற்றம் நிறைவுறாமையை ஆய்வாளர் கண்டனர். செல்கள் ஆழச் செல்வதில்லை. தமனிகள் குறுகியே நிற்கின்றன. குருதி குறைந்த நஞ்சுக்கொடி, குழாய் வளர்ச்சிக் காரணிக்குரிய ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் மிகுதியாகத் தாயின் குருதியில் கலக்கிறது. செல்லில் நிலைத்து ஆணை கேட்க வேண்டிய ஏற்பி, குருதியில் மிதந்து காரணியைக் கவர்ந்து வீணாக்குகிறது. இதன் பங்கை பாஸ்டன் நகர ஆய்வுக் குழுவொன்று 2003இல் எடுத்துக்காட்டியது. தாயின் குருதியழுத்தம் உயர்கிறது; சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது; சேயின் வளர்ச்சி குன்றுகிறது. உரிய காலத்தில் கவனிக்காவிடில் வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம்.

பெரும்பாலும் இருபதாம் வாரத்திற்குப் பின்பே இந்நோய் வெளிப்படும். விதையோ தொடக்க வாரங்களிலேயே விழுந்துவிடுகிறது. எனவே, நலமாக உணரும் கருவுற்ற தாயும் ஒவ்வொரு சந்திப்பிலும் குருதியழுத்தம் அளந்துகொள்ளுதல் வேண்டும். கையில் சுற்றப்படும் அச்சிறு பட்டை, கண்ணுக்குத் தெரியாத அந்த உறுப்பின் நலனையும் உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

நஞ்சுக்கொடி நீட்சிகளின் வெளியடுக்கில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து, இடைச்சுவரற்ற ஒரே படலமாகின்றன. தாயின் குருதியில் நேரடியாக நனைவது இப்படலமே.

கற்பவை கற்றபின்

1. பழைய பிடியைத் தளர்த்தாத செல் கருப்பைச் சுவரினுள் நுழைய இயலுமா? காரணம் கூறுக.
2. கருவுற்ற தாய்மார்க்குக் குருதியழுத்தப் பரிசோதனையின் தேவையை உணர்த்தும் துண்டறிக்கை ஒன்று உருவாக்குக.