கணினித் திரையும் இறந்த புள்ளியும்

யாதொரு பொருளையும் பார்த்து வாங்குதல் நம்மவர் வழக்கம். திருநெல்வேலிச் சந்தையிலே கத்தரிக்காய் வாங்குவோர், புழுத்துளை உண்டோவென்று திருப்பிப் பார்த்த பின்னரே அதனைத் தராசில் இட விடுவர். மண்பானை வாங்குவோர் விரலாற் சுண்டி ஒலி கேட்பர். சுருட்டுத் தொழிலாற் பெயர் பெற்ற நம் கொக்குவிலிலே, புகையிலையை விரித்து நிறமும் நரம்பும் பார்த்துத் தரம் பிரித்த கைகள் பல இருந்தன. ஆயின், பல்லாயிரம் ரூபா கொடுத்துக் கணினித் திரை வாங்கும்போது மாத்திரம், ஒட்டிய பெட்டியை ஒட்டியபடியே வீட்டுக்குக் கொண்டு வருகின்றோம். திரையை இயக்கியவுடன் கருநிறப் பரப்பின் நடுவே ஊசிமுனை போன்ற செம்புள்ளியொன்று அணையாது நிற்பதைக் கண்டு, கடைக்கு மீண்டும் ஓடினால், “இது குறையன்று, கம்பனி அனுமதித்த அளவுக்கு உட்பட்டது” என்னும் மறுமொழி கிடைப்பதுண்டு. அம்மறுமொழியின் பொருள் யாது? வாங்குவோன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி யாது? இவ்விரண்டையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புள்ளியின் அமைப்பு

திரையிலே தோன்றும் எழுத்தும் படமும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனவை. இப்புள்ளியைப் பிக்செல் என்றும் படப்புள்ளி என்றும் வழங்குவர். இன்று பரவலாக விற்பனையாகும் திரைகளிற் பலவற்றில், கிடையாக 1920 புள்ளிகளும் நிலைக்குத்தாக 1080 புள்ளிகளும் உள்ளன. இவற்றைப் பெருக்கினால் 20,73,600 வரும். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று உபபுள்ளிகளைக் கொண்டது. ஆகவே ஒரு திரையில் 62,20,800 உபபுள்ளிகள் உள. ஏறக்குறைய 24 அங்குலத் திரையில் ஒரு முழுப்புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கிலும் சற்றே அதிகமாகும்.

இத்திரைகளிற் பெரும்பாலானவை திரவப் பளிங்கினால் இயங்குபவை. 1888ஆம் ஆண்டில் ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிறீட்ரிக் றைனிற்சர் என்பார், ஒரு சேர்வை உருகும்போது திண்மமும் அல்லாத, தெளிந்த திரவமும் அல்லாத இடைநிலையொன்றை அடைவதை அவதானித்தார். அந்நிலைப் பொருளே திரவப் பளிங்கு. திரையின் பின்புறத்திலிருந்து விளக்கொளி வருகின்றது. இடையிலுள்ள திரவப் பளிங்கு, மின்னழுத்தத்துக்கேற்பத் திரும்பி, அவ்வொளியைச் செல்ல விடுகின்றது, அல்லது தடுக்கின்றது. சன்னற் கதவைத் திறந்து மூடுவதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். அக்கதவை இயக்குவது உபபுள்ளி ஒவ்வொன்றுக்குமென அமைக்கப்பட்ட நுண்ணிய திரான்சிஸ்ரர் ஆகும். அது பழுதுபட்டால் கதவு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும்.

குறைகளின் வகை

“இறந்த புள்ளி” என்று பொதுவாகச் சொல்லப்படுவன உண்மையில் மூவகைப்படும். எப்பொழுதும் வெண்மையாய் ஒளிர்வது முதலாவது வகை. எப்பொழுதும் இருண்டு கிடப்பது இரண்டாவது வகை. இறந்த புள்ளி என்னும் பெயர் இதற்கே முற்றும் பொருந்தும். மூன்றாவது வகையில், ஓர் உபபுள்ளி மாத்திரம் அணையாது நின்று சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். அல்லது எரியாது நின்று தன் நிறத்தை இழக்கும். இவற்றை ஒட்டிய புள்ளி என்பாருமுளர்.

திரையில் ஒட்டிய தூசியையும் புள்ளிக் குறையென மயங்குவதுண்டு. மெல்லிய உலர்ந்த துணியால் இலேசாகத் துடைத்தபின் மறையுமாயின் அது தூசியே.

ஒரு புள்ளியால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் வினவலாம். தமிழெழுத்தை வாசிப்போர் அவ்வாறு வினவுதல் தகாது. ககரத்தின்மேல் ஒரு புள்ளி ஏறினால் உயிர்மெய் மெய்யாகிவிடுகின்றது. திரையிற் சிறிய எழுத்தில் அச்சுப்படி திருத்துவோனுக்கு, எழுத்தின் தலைமேல் நிற்கும் கரும்புள்ளி பொய்யான புள்ளியெழுத்தாகத் தோன்றக்கூடும். கணக்குப் பதிவோனுக்கு அது தசமப் புள்ளியாகத் தோன்றக்கூடும். ஓரத்திற் கிடக்கும் புள்ளியைக் காலப்போக்கிற் கண் மறந்துவிடும். நடுவிலுள்ள ஒளிர்புள்ளியோ நாள்தோறும் கண்ணை உறுத்தும். எனவே குறையின் எண்ணிக்கை மாத்திரமன்றி, அதன் இடமும் நிறமும் கருதற்பாலன.

அளவுகோல் சொல்வது

செய்தொழில் நுணுக்கத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நியாயமாகும். அறுபத்திரண்டு இலட்சம் திரான்சிஸ்ரர்களில், பத்து இலட்சத்துக்கு ஒன்று வீதம் பிழைத்தாலும் ஒரு திரையில் ஆறு குறைகள் நேரும். ஒரு புள்ளி பிழைத்த திரைகளையெல்லாம் உற்பத்தியாளர் கழித்துவிடுவாராயின், எஞ்சியவற்றின் விலை உயரும். இதனாலேயே எத்துணைக் குறை பொறுக்கத்தக்கது என்று வகுக்கும் சர்வதேச நியமம் எழுந்தது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் நியமம், திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதலாம் வகுப்பில் ஒரு குறையும் இருத்தலாகாது. இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் புள்ளிகளுக்கு, எப்பொழுதும் ஒளிர்வன 2, எப்பொழுதும் இருண்டவை 2, உபபுள்ளிக் குறைகள் 5 வரை இருக்கலாம். 2008ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசையிலுள்ள நியமங்கள் இதன் இடத்தைப் பெற்றன. வகுத்தளக்கும் முறை தொடர்ந்தது.

மேற்கூறிய இரண்டாம் வகுப்பின் கணக்கை நமது 1920 x 1080 புள்ளித் திரைக்குப் பொருத்தினால், ஏறத்தாழ 4 ஒளிர்புள்ளிகளும் 4 இருட்புள்ளிகளும் 10 உபபுள்ளிக் குறைகளும் உடைய திரையும் அவ்வகுப்பினின்று நீங்காது. “அளவுக்கு உட்பட்டது” என்னும் கடைக்காரர் மறுமொழி வெறும் சாட்டன்று என்பது இதனாற் புலப்படும். ஆனால், நியமம் என்பது அளக்கும் கோலேயன்றி, குறையுள்ளதை ஏற்றே தீரவேண்டுமென வாங்குவோனுக்கு இட்ட கட்டளையன்று. எந்த அளவை ஏற்பது என்பதை விற்போனும் வாங்குவோனும் பேசித் தீர்க்கலாம். டெல் முதலிய சில நிறுவனங்கள், தம் உயர்தரத் திரைகள் சிலவற்றில் ஓர் ஒளிர்புள்ளி காணப்பட்டாலும் மாற்றித் தருவதாகப் பல நாடுகளில் வாக்களித்துள்ளன. ஆகவே அந்தந்தத் திரைக்குரிய வாக்குறுதியைக் கேட்டறிதல் முதற் கடமை.

பரிசோதிக்கும் முறை

பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். வெறுமையான ஐந்து படங்களை முன்னரே ஆக்கி, பென் றைவ் ஒன்றிற் பதிந்துகொள்க. அவை முறையே முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் ஆகியனவாகும். கடையிலுள்ள கணினியோடு திரையை இணைத்து, திரைக்கு இயல்பான புள்ளியளவிலே அவற்றை ஒவ்வொன்றாக முழுத்திரையிற் காட்டுமாறு கேட்க.

கறுப்பிலே ஒளிர்புள்ளிகள் வெளிப்படும். அப்பொழுது கடைவிளக்கின் ஒளி திரையில் நேரே விழாதிருத்தல் நன்று. வெள்ளையிலே இருண்ட புள்ளிகள் தெரியும். மூன்று நிறங்களிலும் எரியாத உபபுள்ளிகள் கரும்பொட்டாகத் தோன்றும். வயலை வரம்பு வரம்பாகப் பார்ப்பதுபோல, மேல் மூலையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டுக. நடுப்பகுதியை இருமுறை பார்க்க. வயது முதிர்ந்தோர் கூரிய கண்ணுடைய மாணவனொருவனை உடனழைத்துச் செல்லுதல் நலம்.

பொதியில் வீட்டுக்கு வந்து சேரும் திரையை, வந்த அன்றே பிரித்துச் சோதித்தல் வேண்டும். குறை காணின், தெளிவாகப் படம்பிடித்து அன்றே விற்றவருக்கு அறிவிக்க. பெட்டியையும் உள்ளுறைகளையும் எறியாது வைத்திருக்க. வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் திரையை, அவர் அங்கேயே சோதித்துக் கொண்டுவருவது மேல். ஏனெனில் உத்தரவாதங்கள் பல, விற்கப்பட்ட நாட்டில் மாத்திரமே செல்லுபடியாகும்.

வீட்டு வைத்தியம்

முற்றாக இறந்த புள்ளிக்கு வீட்டில் மருந்தில்லை. ஒட்டிய உபபுள்ளி சிலவேளை மீள்வதுண்டு. அதன்மேல் நிறங்களை விரைவாக மாறிமாறித் தோற்றுவிக்கும் செய்நிரல்களைச் சில மணிநேரம் இயக்கிப் பார்க்கலாம், பலன் நிச்சயமன்று. விரலாலும் பென்சில் முனையாலும் அழுத்துமாறு சொல்வோருமுளர். அழுத்தத்தால் அயற்புள்ளிகளும் கெடக்கூடும். உத்தரவாதமும் கைவிட்டுப் போகலாம். மாற்றித்தரும் தவணை முடியுமுன் திரையில் கைவையாமையே புத்தி.

சட்டமும் வாங்குவோனும்

இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வகைப் பொருளை வழமையாக விற்பவரிடம் விவரணப்படி வாங்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாயிருத்தல் வேண்டுமென்பது, சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாகும். ஆனால் வாங்குவோன் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையில் வெளிப்பட்டிருக்கவேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனை பொருந்தாது. அரைகுறையாய்ப் பார்த்துத் தலையசைப்பதன் ஆபத்து இதனால் விளங்கும். பார்ப்பதாயின் முறையாகப் பார்த்தல் வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருள்பற்றிய முறைப்பாட்டை அது விசாரிக்கலாம். முறைப்பாடு விற்பனை நிகழ்ந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டில்லாத முறைப்பாடு வலுவிழக்கும். ஆகவே பணம் செலுத்துமுன் மூன்று வினாக்களைக் கேட்க: எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவீர்கள்? எத்தனை நாளுக்குள்? கடையிலா, கம்பனியிலா? மறுமொழியைப் பற்றுச்சீட்டின் மேலேயே எழுதி ஒப்பமிடுவித்துக்கொள்க. நேர்மையான வியாபாரி இதற்குத் தயங்கார். எழுத மறுக்கும் கடையில், வாய்ச்சொல்லை நம்பிப் பணம் வைப்பது உசிதமன்று.

நம்மூரிற் பல வீடுகளில் ஒரு திரை என்பது பல மாதச் சேமிப்பின் பயன். படிக்கும் பிள்ளைக்கெனப் பெற்றோர் வேறு செலவுகளைச் சுருக்கி வாங்குவது. கடைக்காரர் முன்னிலையில் உற்றுப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் மரியாதைக் குறைவென்று நாணுவோர் அச்சேமிப்பை மறந்துவிடுகின்றனர். கணினி கற்ற மாணவர்கள், அயல்வீட்டார் திரை வாங்கச் செல்லும்போது அந்த ஐந்து நிறப் படங்களோடு உடன்செல்வாராயின், கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும். பெட்டியைத் திறக்க, திரையைப் பார்க்க, வாக்கை எழுத்திற் பெற, அதன்பின் பணத்தைக் கொடுக்க. இவ்வொழுங்கு மாறாதிருப்பின் மனக்கசப்புக்கு இடமிராது.