கொட்டகைக்குப் போகும் பழைய கேபிளை மாற்றும்போது

மலைப்பகுதியான நம் கோலா தெர்லாவின் மழையும் பனியும் வெளிப்புறக் கேபிளை விரைவில் கெடுத்துவிடும். மேலுறை வெடித்திருந்தாலோ, எலி கடித்திருந்தாலோ டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், முழுதாக மாற்றிவிடுங்கள்.

● மலேசிய எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடமே வேலையைக் கொடுங்கள்.

● மண்ணில் புதைக்க, எஃகுக் கம்பிக் கவசமுள்ள கேபிளே ஏற்றது. மண்வெட்டி படாதபடி அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் மணல் பரப்பிப் பதித்து, மேலே எச்சரிக்கை நாடா போடச் சொல்லுங்கள்.

● தூரம் கூடினால் மின்னழுத்தம் குறையும், கொட்டகையில் பம்பு இருந்தால் திணறும். அதனால் தடிமனான கேபிள் வேண்டும்.

● கசிவு மின்னோட்டம் 30 மில்லிஆம்பியரை எட்டினால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

● பழைய கேபிளின் இணைப்பை மெயின் பெட்டியிலேயே துண்டித்து, கேபிளை முழுவதுமாக அகற்றச் சொல்லுங்கள்.