சப்ஜா விதையை அப்படியே விழுங்கலாமா?

உறுவையாற்றில் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "சூடு தணியட்டும்னு சப்ஜா விதையை ஒரு ஸ்பூன் வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன் சார். இப்ப எச்சில்கூட எறங்கல." நான் கஷாயம் எதுவும் கொடுக்கவில்லை. எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினேன். குழாய் விட்டு எடுத்தார்கள்.

சப்ஜா, அதாவது திருநீற்றுப் பச்சிலை விதை, நல்ல சரக்குதான். தப்பு விதையில் இல்லை, விழுங்கிய விதத்தில்.

ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து விதை போட்டுப் பாருங்களேன். சில நிமிஷத்தில் ஒவ்வொன்றையும் சுற்றி வழவழவென்று ஒரு கூழ் உறை வந்துவிடும். அந்த உறையில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆனால் வெளியே துள்ளி ஓடுகிற தண்ணீர், உள்ளே நுண்ணிய வலைக்கண்கள் வழியாக ஊர்ந்துதான் போக வேண்டும். மணலுக்குள் தண்ணீர் கசிவதற்கு 1856ல் கணக்குப் போட்டவர் ஆன்றி டார்சி என்ற பிரெஞ்சு என்ஜினீயர். (புதுச்சேரிக்காரர்களான நமக்குப் பிரெஞ்சுக்காரர்கள் புதிதா என்ன!) கூழுக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் மணல் அசையாமல் கிடக்கும்; கூழோ குடிக்கக் குடிக்க விரியும், அதன் எல்லையும் நகரும். அந்த எல்லையில் இரண்டு கணக்குகள் நேராக வேண்டும். வெளியே குறைந்த தண்ணீரும் உள்ளே சேர்ந்த தண்ணீரும் ஒன்று. உள்ளிருந்து தள்ளும் பலமும் வெளியிலிருந்து தாங்கும் பலமும் இன்னொன்று. டம்ளரில் இடம் தாராளம், தள்ளல் தெரியாது. உணவுக்குழாயில்? சுவர்தான் தாங்க வேண்டும்!

இன்னொரு சங்கதி. கூழ் ஊறும் நேரம் பருமனின் வர்க்கப்படி ஏறும் என்று 1979ல் தனகா, ஃபில்மோர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். இரண்டு மடங்கு பருமனுக்கு நான்கு மடங்கு நேரம். ஒரு விதை கால் மணியில் ஊறுகிறது என்று வையுங்கள். பத்து மடங்கு பெரிய உருண்டைக்கு நூறு கால் மணி, அதாவது 25 மணி நேரம்! காகிதக் கணக்குதான், இருந்தாலும் விஷயம் புரிகிறதல்லவா? மேல்விதைகள் ஊறி ஒட்டி வழியை அடைத்துவிடும். நடு உருண்டை காய்ந்தே கிடக்கும். மேலே மேலே தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது அதனால்தான் வீண்வேலை.

ஆகவே சப்ஜாவை அகலமான பாத்திரத்தில், நிறையத் தண்ணீரில், கிளறிவிட்டு அரை மணி ஊறவையுங்கள். இசப்கோல் வேறு மாதிரி: முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்; கூழில் சிக்கினால் மருந்தும் ஊர்ந்துதான் வெளியே வரும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், குடலடைப்பு வந்தவர்கள் இரண்டையுமே வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

"அப்ப பலூடா சாப்பிடலாமா சார்?" என்று அந்தப் பெரியவரின் பேத்தி கேட்டாள். அதில் மிதப்பது ஏற்கெனவே ஊறிய விதை. தாராளமாகச் சாப்பிடம்மா என்றேன்.