தழும்பும் தாளமும்

ஆண்டுதோறும் யூன் மாதம் வந்ததும் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டைக் கிராமம் மக்கள் வெள்ளத்தால் நிறைகிறது. புனித அந்தோனியார் திருவிழாவுக்கென்று தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். புத்தாடையும் பூவும் புகைப்படமுமாக எல்லோரும் மகிழ்ந்திருக்கும் அந்நாளில், "எனக்குத் தலையிடி, நீங்கள் போய் வாருங்கள் அம்மா" என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும் பிள்ளை ஒன்று நம் அயலில் இருக்கக்கூடும். உண்மையில் அப்பிள்ளைக்குத் தலையிடி இல்லை. கன்னத்திலோ கழுத்திலோ உள்ள தீக்காயத் தழும்பை ஆயிரம் கண்கள் பார்க்குமே என்ற அச்சம்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

இத்தகைய பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பாடம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே இதை வாசிப்பது நல்லது.

தழும்பு எப்படி வருகிறது?

மின்சாரம் எட்டாத லயங்களிலும் குடிசைகளிலும் நெடுங்காலம் எரிந்தது போத்தல் விளக்கு. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட அவ்விளக்கு, ஒரு கை தவறித் தட்டினாலே சரிந்துவிடும். எண்ணெய் சிந்தித் தீப்பற்றி எத்தனையோ சிறுவர்கள் எரிகாயம் அடைந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சையளித்த இலங்கைச் சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாகவும் கனமாகவும், உருளாதபடி பக்கங்கள் தட்டையாகவும், திருகு மூடி கொண்டதாகவும் ஒரு பாதுகாப்பு விளக்கை 1992இல் உருவாக்கினார். சரிந்தாலும் எண்ணெய் சிந்தாத இந்த எளிய சாதனத்துக்கு 1998இல் உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு மட்டுமன்றி, கொதிநீரும் அடுப்பும் பட்டாசும் வீதி விபத்தும் இன்றும் தழும்புகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன.

ஆழமான எரிகாயம் ஆறிய பின்பும் தோல் உடனே அடங்கிவிடுவதில்லை. முதல் மாதங்களில் தழும்பு சிவந்து, தடித்து, தினவெடுக்கும். அது மெல்ல மங்கித் தட்டையாவதற்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகலாம். கழுத்திலும் மூட்டுகளிலும் தோல் சுருங்கி இழுக்காதிருக்க, வைத்தியர் சொல்லும் பயிற்சிகளை விடாமல் செய்ய வேண்டும். சிலருக்குக் காயத்தின் எல்லையையும் கடந்து தழும்பு வளர்வதுண்டு. கருமை நிறத் தோலுடையோரில் இது அதிகம். பிள்ளையின் கவலையீனமோ பெற்றோரின் பாவமோ இதற்குக் காரணமல்ல. அது தோலின் இயல்பு. இதை வீட்டார் முதலில் அறிந்திருத்தல் அவசியம்.

நாம் செய்யும் இரண்டு தவறுகள்

பதின்மூன்று, பதினான்கு வயதில் எந்தப் பிள்ளையும் கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும். பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டே தன்னை மதிப்பிடும் பருவம் அது. அப்பருவத்தில் தழும்புள்ள பிள்ளையிடம் நாம் பெரும்பாலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். ஒன்று, "ஐயோ பாவம்" என்று நாக்குத் தட்டுவது. மற்றொன்று, "அதெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை" என்று பொய் சொல்வது. முதலாவது பிள்ளையைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவதைப் பிள்ளை நம்புவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவரும் அமராதபோது அதற்கு உண்மை தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் வழி என்ன? பரிதாபமும் பொய்யும் தராத ஒன்றை ஒரு நண்பர் கூட்டம் தர முடியும். அக்கூட்டத்தில் அப்பிள்ளைக்கென்று ஓர் இடமும், அது வராவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலையும் இருக்க வேண்டும். இதற்கு உலக அனுபவம் சான்று தருகிறது.

முறைத்துப் பார்க்காத ஊர்

இரண்டாம் உலக மகா யுத்தத்தில் விமானங்கள் தீப்பற்றியபோது, இளம் விமானிகள் பலர் முகமும் கைகளும் வெந்து உயிர் தப்பினர். இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூர் வைத்தியசாலையில் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ என்னும் வைத்தியர் அவர்களுக்குப் பல சத்திர சிகிச்சைகள் செய்தார். அவரது சேவை அத்துடன் முடியவில்லை. நோயாளர் உடையை விட்டு, தங்கள் படைச் சீருடையை அணிந்து ஊருக்குள் போய்வர அவர்களை அனுமதித்தார். ஊராரிடமோ, அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பவும் வேண்டாம், வெறித்துப் பார்க்கவும் வேண்டாம், வீட்டுக்கு அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

1941இல் அந்த இளைஞர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். புதிய சிகிச்சை முறைகள் தங்கள் மேல் பரீட்சிக்கப்படுவதால், ஆய்வுகூடப் பிராணியின் பெயரால் "கினிப்பன்றிகள் சங்கம்" என்று தங்களைத் தாங்களே கேலி செய்து பெயர் வைத்தனர். நாற்பது பேரளவில் தொடங்கிய சங்கம் யுத்த முடிவில் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்தது. தேவாலயப் பாடல் ஒன்றின் இராகத்தில் தங்களுக்கென ஒரு பாட்டும் கட்டி, ஒன்றுகூடும்போது பாடினார்கள். தழும்பே அங்கு உறுப்பினர் அடையாளமாயிற்று.

சத்தமான ஓர் இசையின் பாடம்

இலண்டனிலும் நியூயோர்க்கிலும் 1970களின் நடுப்பகுதியில் "பங்க் ரொக்" என்றொரு இசை எழுந்தது. கிழிந்த சட்டை, ஊசி குத்திய மேலங்கி, குத்திட்டு நிற்கும் தலைமயிர், காதைப் பிளக்கும் சத்தம் ஆகியவற்றைக் கண்டு பெற்றோர் திகைத்தனர். அவர்கள் பாடிய சொற்களில் நம் பிள்ளைகளின் வாயில் வரக்கூடாதவையும் உண்டு. ஆயினும் அந்த இசைக்குள் கவனிக்கத்தக்க ஓர் உண்மை இருந்தது. அழகனாயிருக்க வேண்டாம், கைதேர்ந்தவனாயிருக்க வேண்டாம், கிற்றாரில் மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், நீயும் ஒரு குழுவில் சேரலாம் என்று அது சொன்னது.

சோமாலியத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் 1957இல் பிறந்த ஒரு பெண், 1976இல் பத்திரிகை விளம்பரம் மூலம் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். பொலி ஸ்டைரீன் என்பது அவர் மேடைப் பெயர். பல்லில் கட்டிய கம்பியை மறைக்காமலே வாய் திறந்து பாடினார். பெண்ணை அழகுப் பொம்மையாக்கும் விளம்பர உலகைத் தம் பாடல்களில் எள்ளி நகைத்தார். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் காலும் கையும் மெலிந்த இயன் டியூரி என்பாரும் அக்காலத்திலேயே பெரும் பாடகரானார். ஊனமுற்றோரைப் பரிதாபப் பொருளாகப் பார்ப்பதைக் கண்டித்து 1981இல் அவர் வெளியிட்ட பாடலை வானொலி பகல் வேளையில் ஒலிபரப்ப மறுத்தது. அதே பாடல் 2012இல் இலண்டன் பராலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்க விழாவில் உலகறிய ஒலித்தது.

பின்லாந்தில் மனவளர்ச்சிக் குறைபாடுடைய நால்வர் 2009இல் ஒரு பங்க் குழு அமைத்தனர். 2015இல் வியன்னா நகரில் நடந்த யூரோவிஷன் பாடல் போட்டிக்கு அவர்களையே அந்நாடு அனுப்பியது. இரக்கப்பட்டு எங்களுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இறுதிச் சுற்றுக்கு அவர்கள் தெரிவாகவில்லை. ஆனால் அவர்களைக் கண்டவர்கள் எவரும் "பாவம்" என்ற சொல்லைப் பழையபடி எளிதாகச் சொல்ல முடியாது.

நம் பக்கத்திலும் உண்டு

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று எண்ண வேண்டாம். சாவு வீட்டில் ஆண்கள் அடிக்கும் மேளம், தீண்டத்தகாதோர் மேளம் என்று ஒதுக்கப்பட்டது பறை. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, அந்தப் பறையைத் தலித் இளம் பெண்களின் கையில் கொடுத்தது. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் அங்கு தங்கி, பறையோடு கல்வியும் தையலும் கற்றார்கள். அவர்களின் தழும்பு தோலில் இருக்கவில்லை. சமூகம் மனத்தில் போட்ட தழும்பு அது. தலை குனிந்து நடந்தவர்கள் தலை நிமிர்ந்து மேடையில் ஆடினார்கள். இழிவின் சின்னமாக இருந்த அதே மேளம் மதிப்பின் சின்னமாயிற்று.

நம் மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் வேலைக்கு அழைத்த பிரட்டுத் தப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காமன் கூத்தில் அது முழங்கும்போது கால் தாளம் போடாதவர் யார்? நம் இளைஞருக்குக் கிற்றார் கிடைக்காவிட்டாலும் தப்பு கிடைக்கும். அதுவும் இல்லையேல் ஒரு வெற்றுத் தகரமும் இரண்டு தடிகளும் போதும்.

குழுவாக இசைப்பதில் ஒரு சிறப்பு உண்டு. தாளம் பிடிப்பவன் தவறினால் எல்லோரும் தடுமாறுவார்கள். ஆகவே மற்றவர்கள் அவன் முகத்தைத் தழும்புக்காகப் பார்ப்பதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று அறியவே பார்க்கிறார்கள். வெறித்த பார்வையைக் கண்டு கூசிய பிள்ளைக்கு, தன்னை எதிர்பார்த்துப் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்று அங்கேதான் தெரியவருகிறது. தன் முகத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் துணிவு அதிலிருந்து மெல்லப் பிறக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வஹகோட்டையின் வரலாறே நமக்கு ஒரு நினைவூட்டல். கண்டி இராச்சியத்தில் தங்கிவிட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் குடியேறிய ஊர் அது. முகத்தாலும் மொழியாலும் வேறுபட்டு வந்தவர்கள் காலப்போக்கில் அந்த மண்ணின் மக்களாகவே ஆனார்கள். அத்தகைய ஊரின் திருவிழாவில், முகத்தில் தழும்புள்ள பிள்ளைக்கும் இடம் இருக்க வேண்டாமா?

பெற்றோரே, பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். விருந்தினர் வரும்போது உள்ளே போகச் சொல்லாதீர்கள். பிள்ளை சத்தமாக இசைக்கும்போது உடனே அதட்டாதீர்கள். நண்பர்கள் வந்தால் ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, யார் எவர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பாடகர் குழாம் நடத்துவோரே, தழும்புள்ள பிள்ளையைப் பின்வரிசையில் மறைத்து நிறுத்துவது இரக்கமாகாது. குரலுக்கும் திறமைக்கும் ஏற்ற இடத்தைக் கொடுங்கள். தவறினால் மற்றவர்களைத் திருத்துவது போலவே திருத்துங்கள்.

தழும்போடு வாழும் தம்பி தங்கையரே, ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1970இல் தமது 18ஆம் வயதில் வாகனத் தீயில் முகம் வெந்தவர். தம்மைப் போன்றோருக்கு உதவ 1992இல் ஓர் அமைப்பை நிறுவி, 2020இல் இறக்கும் வரை உழைத்தார். அத்தகையோரின் அனுபவம் தரும் புத்திமதி இது: மற்றவர் பேசட்டும் என்று காத்திராமல் நீங்களே முதலில் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்பவருக்கு, "சின்ன வயதில் சுட்டது, இப்போது சுகம்" என்பது போல ஒரு குறுகிய பதிலைத் தயாராக வைத்திருங்கள். பிறகு பேச்சை வேறு விடயத்துக்குத் திருப்புங்கள். முழுக் கதையையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மற்ற இளைஞரே, உங்கள் பங்கு மிகவும் எளிது. "நாளை பயிற்சிக்கு வா, தாளம் போட ஆள் இல்லை" என்று ஒரு முறை அழையுங்கள். அந்த அழைப்பு வராமல் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்து பெரியவர்களாகிவிடுகிறார்கள்!

குடும்பத்தில் கலந்துரையாட

1. நம் வீட்டில் அல்லது அயலில் வெளியே வரத் தயங்கும் பிள்ளை உண்டா? அப்பிள்ளையைக் காணும்போது நம் கண்களும் நாவும் எப்படி நடந்துகொள்கின்றன?

2. பரிதாபப்படுவதற்கும் பங்கு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? நம் ஊர் அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

3. பிள்ளைகள் விரும்பும் இசை நமக்குப் பிடிக்காதபோது, அதற்குள் அவர்கள் தேடுவது என்ன என்று கேட்டறிந்தோமா?

4. அடுத்த திருவிழாவுக்கு முன் அத்தகைய ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய வேலை எது? யார் போய் அழைப்பது? இன்றே தீர்மானியுங்கள்.