ஐந்து அச்சு மெஷினில் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்

மூன்று அச்சு வி.எம்.சி.யில் வருடக்கணக்கில் கைதேர்ந்த ஆபரேட்டர்கூட ஐந்து அச்சு மெஷினுக்கு வந்த புதிதில் தடுமாறுவார். பழைய மெஷினில் ஜாப் கட்டிய திசையிலேயே இருக்கும். எக்ஸ், ஒய், இசட் மட்டும் போய்வரும். எக்ஸைச் சுற்றும் ஏ, ஒய்யைச் சுற்றும் பி, இசட்டைச் சுற்றும் சி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்துகொண்டால் ஜாப் சாயும், திரும்பும். டூல் முனை அடுத்து எங்கே போகும் என்று கண்ணால் கணிக்க முடியாது. திரையில் இருக்கும் எண்களைத்தான் நம்ப வேண்டும்.

2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் இருக்கின்றன. பம்ப் உறையும் வால்வு பாடியும் செய்து பழகிய பட்டறைகள் இப்போது இம்பெல்லருக்கும் விமானப் பாகங்களுக்கும் ஐந்து அச்சு மெஷின் வாங்குகின்றன. மெஷினுக்குக் கடன் வாங்கும் முதலாளி, ஆளைப் பழக்குவதற்கு ஒரு வாரம் ஒதுக்கத் தயங்குகிறார். இந்தப் பட்டியல் அந்த ஒரு வாரத்துக்கானது. நான் பார்த்தவரை மோதல்களில் பெரும்பாலானவை சிக்கலான டூல்பாத்தில் நடப்பதில்லை. செட்டிங்கில், அதுவும் ஆஃப்செட் பக்கத்தில் தட்டிய ஒற்றை எண்ணில் நடக்கின்றன. அதனால் அந்தப் பகுதி நீளமாகவே இருக்கும்.

புரோகிராம் எழுதும்போது

செய்ய வேண்டியவை:

• 3+2 போதுமா என்று முதலில் பாருங்கள். ஏ, சி அச்சுகளை ஒரு கோணத்தில் நிறுத்தி, கிளாம்ப் போட்டு, மீதியை மூன்று அச்சில் வெட்டுவதே 3+2. ஐந்து முகமும் துளைகளும் கொண்ட பிரிஸ்மாட்டிக் ஜாப்புக்கு இதுவே சரி. கிளாம்ப் பிடித்திருப்பதால் ரஃபிங்கில் அதிர்வு குறையும், மேற்பரப்பும் நன்றாக வரும். ஐந்து அச்சும் ஒரே நேரத்தில் ஓடவேண்டியது இம்பெல்லர், பிளேடு, போர்ட் போன்ற வளைவுகளுக்குத்தான். காசு கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுற்றவிட வேண்டியதில்லை.

• டூல் முனைக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துங்கள். ஃபானக்கில் ஜி43.4, சீமென்ஸில் டிராஓரி, ஹைடன்ஹைனில் எம்128 அல்லது டிசிபிஎம். இது இயங்கும்போது ஜாப் எப்படித் திரும்பினாலும் டூல் முனை நாம் சொன்ன இடத்திலேயே நிற்கும்படி கன்ட்ரோலர் மற்ற அச்சுகளை நகர்த்திக்கொள்ளும். இது இல்லாமல் போஸ்ட் செய்த புரோகிராம், ஜாப் மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உள்ளேயே பதித்து வைத்திருக்கும். ஃபிக்ஸ்சர் 1 மி.மீ. தள்ளிப்போனாலும் மறுபடி போஸ்ட் செய்தாக வேண்டும்.

• பால் நோஸ் கட்டரைச் சாய்த்து ஓட்டுங்கள். நேராக நிறுத்தினால் முனையில் வெட்டு வேகம் பூஜ்யம். அங்கே உலோகம் வெட்டுப்படாது, தேயும். 10 மி.மீ. பால் நோஸை நேராக நிறுத்தி 0.2 மி.மீ. ஆழம் வெட்டினால் வெட்டும் விட்டம் சுமார் 2.8 மி.மீ.தான். 15 டிகிரி சாய்த்தால் அதுவே 5.2 மி.மீ. ஆகிறது. அதே ஸ்பிண்டில் வேகத்தில் வெட்டு வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

• ஜாப்பைச் சாய்த்துக் குட்டை டூலால் வெட்டுங்கள். ஹோல்டருக்கு வெளியே நீளம் இரண்டு மடங்கானால் டூல் வளைவது எட்டு மடங்காகும். ஐந்து அச்சு மெஷினின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

• சிமுலேஷனை போஸ்ட் செய்து வந்த ஜி-கோடில் பாருங்கள். கேம் மென்பொருளுக்குள் ஓடும் படம் டூல்பாத்தை மட்டும் காட்டும். போஸ்ட் சேர்க்கும் ரேபிட், டூல் மாற்றம், அச்சு திரும்பும் வரி எதுவும் அதில் வராது. ஹோல்டர், ஃபிக்ஸ்சர், வைஸ், மேசை நான்கும் மாடலில் இருக்கவேண்டும். டூல் தப்பி ஹோல்டர் போய் இடிப்பதுதான் இங்கே வாடிக்கை.

செய்யக்கூடாதவை:

• தசமப் புள்ளியை விடாதீர்கள். பல ஃபானக் மெஷின்களில் எக்ஸ்50. என்றால் 50 மி.மீ.; புள்ளி இல்லாமல் எக்ஸ்50 என்றால் 0.050 மி.மீ. கேம் இந்தத் தப்பைச் செய்யாது. மெஷினருகே நின்று கையால் ஒரு வரி சேர்க்கும்போது நாம் செய்வோம்.

• ஜி90 இயங்கும்போது ஜி28 இசட்0. எழுதாதீர்கள். ஜி28 வீட்டுக்குப் போகும் வழியில் இடைப்புள்ளி ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஜி90இல் அந்த இடைப்புள்ளி ஜாப்பின் இசட் பூஜ்யம். ஏற வேண்டிய டூல் ரேபிடில் ஜாப்புக்குள் இறங்கும். ஜி91 ஜி28 இசட்0. எழுதி, அடுத்த வரியிலேயே ஜி90 போடுங்கள்.

• டூலின் திசை சுழல் அச்சோடு நேர்கோட்டுக்கு வரும் இடத்தில் அலட்சியம் வேண்டாம். ஏ-சி மேசையில் ஏ பூஜ்யத்தை நெருங்கும்போது, டூல் திசையில் ஏற்படும் சிறு மாற்றத்துக்குக்கூட சி அச்சு 180 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும். ஃபீடு படுத்துவிடும், டூல் நின்ற இடத்தில் வடு விழும். ஜாப்பை ஃபிக்ஸ்சரில் சில டிகிரி சாய்த்துக் கட்டினாலோ, கேமில் குறைந்தபட்சச் சாய்வு கொடுத்தாலோ தீரும்.

• ஜி93ஐத் திறந்துவிட்டு மூடாமல் போகாதீர்கள். அந்த முறையில் எஃப்30 என்றால் அந்த நகர்வு 2 வினாடியில் முடியவேண்டும் என்று பொருள். ஜி94க்குத் திரும்பாமல் அடுத்த வரியில் எஃப்200 வந்தால், எவ்வளவு நீள நகர்வானாலும் 0.3 வினாடியில் முடிக்கப் பார்க்கும்.

• மெஷினில் செய்த திருத்தத்தை மெஷினிலேயே விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதம் அதே ஜாப் திரும்ப வரும்போது பழைய ஃபைல்தான் ஏறும்.

செட்டிங்கில்

செய்ய வேண்டியவை:

• ஸ்பிண்டிலைச் சூடேற்றுங்கள். குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாக ஏற்றி, மெஷின் தயாரிப்பாளர் சொன்ன நேரம் ஓடவிடுங்கள். சுழல் அச்சுகளையும் கூடவே சில தடவை முழுவீச்சுக்கு ஆட்டுங்கள். திங்கட்கிழமைக் காலையில் இதைத் தவிர்த்தால் அன்று மதியம் அளவு நகரும்.

• ஹோல்டர் டேப்பரையும் ஸ்பிண்டில் டேப்பரையும் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒட்டிய ஒரு சிப் போதும், டூல் முனை ஆட ஆரம்பிக்கும். பிடி40 ஹோல்டரின் புல் ஸ்டட் 45, 60, 90 டிகிரி என்று மூன்று கோணத்தில் வருகிறது. உங்கள் மெஷினின் கிரிப்பருக்கு எது என்று பார்த்தே மாட்டுங்கள். மாறிப்போனால் பிடி சரியாக விழாது, ஓட்டத்தில் டூல் கழன்றுவிடும்.

• சுழல் மையங்களைச் சரிபாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சி அச்சின் மையம் பாராமீட்டரில் 0.02 மி.மீ. தள்ளியிருந்தால், 0 டிகிரியில் வெட்டியதற்கும் 180 டிகிரியில் வெட்டியதற்கும் நடுவே 0.04 மி.மீ. படி விழும். கோணத்தில் 0.01 டிகிரி பிசகு, 200 மி.மீ. தள்ளி 0.035 மி.மீ. ஆகும். எந்த டூல் ஆஃப்செட்டாலும் இதைத் திருத்த முடியாது. காலிபரேஷன் பந்தை மேசையில் வைத்து புரோபால் தொட்டு மையத்தைக் கண்டுபிடிக்கும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. சீமென்ஸில் சைக்கிள்996, ஹைடன்ஹைனில் கைனமாட்டிக்ஸ்ஆப்ட். புரோப் இல்லையென்றால், ஒரே துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக போர் செய்து டயல் போட்டுப் பாருங்கள்.

• ஜாப்பை மேசையிலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். மேசை 90 டிகிரி சாயும்போது ஸ்பிண்டில் தலை வந்து நிற்க இடம் வேண்டும். ஆனால் உயரம் கூடக்கூட மையத்திலிருந்து தூரமும் கூடும், கோணப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

• ஆஃப்செட்டை ஒருவர் தட்ட, இன்னொருவர் செட்டிங் ஷீட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கட்டும். “ஏழாம் டூல், எச் ஏழு, நூத்தி நாப்பத்தஞ்சு பாயிண்ட் மூணு ரெண்டு.” “சரிங்ணா, போட்டாச்சு, நீங்களும் ஒருக்கா பாருங்க.” அரை நிமிட வேலை. நைட் ஷிஃப்டில் தனியாக இருப்பவர், தட்டி முடித்தபின் ஷீட்டைக் கையில் எடுத்துக் கீழிருந்து மேலாக ஒருமுறை ஒப்பிடட்டும்.

செய்யக்கூடாதவை:

• இன்புட்டும் பிளஸ் இன்புட்டும் ஒன்றல்ல. ஃபானக் ஆஃப்செட் பக்கத்தில் இன்புட் அழுத்தினால் பழைய எண் அழிந்து புது எண் வரும். பிளஸ் இன்புட் அழுத்தினால் பழையதோடு கூடும். நீளம் 145.320 இருக்கும் இடத்தில் 0.02 குறைக்க நினைத்து −0.02 தட்டி இன்புட் அழுத்தினால், டூலுக்கு நீளமே இல்லை என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். ஸ்பிண்டில் 145 மி.மீ. கூடுதலாக இறங்கும். சின்னத் திருத்தங்களை ஜியோமெட்ரி பத்தியில் செய்யாமல் வேர் (தேய்மான) பத்தியில் மட்டும் செய்யுங்கள். அங்கே பெரிய எண்ணை ஏற்காதபடி வரம்பும் வைக்கலாம்.

• டூல் எண்ணும் எச் எண்ணும் வேறுவேறாக வைக்காதீர்கள்.

• கிளாம்ப் போட்ட சுழல் அச்சை நகர்த்தாதீர்கள், கிளாம்ப் போடாமல் ரஃபிங்கும் செய்யாதீர்கள். இதற்கான எம் கோடு மெஷினுக்கு மெஷின் மாறும். பக்கத்துப் பட்டறை மெஷினில் இருந்ததை அப்படியே கொண்டுவர வேண்டாம்.

முதல் பீஸில்

சிங்கிள் பிளாக் போடுங்கள், ரேபிட் ஓவர்ரைடை அடிமட்டத்தில் வையுங்கள், ஒரு கை ஃபீடு ஹோல்டில் இருக்கட்டும். ஒவ்வொரு டூலும் ஜாப்பை நோக்கி இறங்கும்போது பாதியில் நிறுத்தி, திரையில் ‘மீதி தூரம்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். இன்னும் 50 மி.மீ. என்று திரை சொல்கிறது, கண்ணுக்கு 20 மி.மீ.தான் தெரிகிறது என்றால் ஸ்டார்ட்டைத் தொடாதீர்கள். ஆஃப்செட் பக்கத்துக்குப் போங்கள். சாய்ந்த தளத்தில் வேலை செய்யும்போது திரையில் வரும் இசட், மெஷினின் இசட்டா சாய்ந்த தளத்தின் இசட்டா என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

முதல் பீஸைச் சூட்டோடு அளந்து ஆஃப்செட் மாற்ற வேண்டாம். 300 மி.மீ. அலுமினிய ஜாப் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும். அளவு சொல்லும் உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் பட்டறைக்குள் அது எட்டாது. ஜாப்பை இன்ஸ்பெக்‌ஷன் அறையில் ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

நடுவில் கரண்ட் போனால் அவசரப்படாதீர்கள். டூல் சாய்ந்த துளைக்குள் நிற்கும்போது இசட்டை ஜாக் செய்து மேலே தூக்கினால் டூலும் உடையும், ஜாப்பும் போகும். டூல் அச்சின் திசையிலேயே பின்னிழுக்கும் வசதி கன்ட்ரோலரில் இருக்கும். அது எந்தத் திரையில், எந்த பட்டனில் என்பதை மெஷின் வந்த வாரமே காற்றில் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கும் மெஷினுக்கும்

• சுழலும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை கூடாது. மணிக்கட்டில் கோயில் கயிறு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டையின் தொங்கும் பட்டன் எதுவும் கூடாது. கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாமல், ஷிஃப்ட் முடியும்வரை பத்திரமாக வைக்க ஒரு லாக்கர் கொடுங்கள்.

• கதவு இன்டர்லாக்கை ஏமாற்றாதீர்கள். உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது என்பார்கள். சாய்ந்த மேசை திரும்பும் வேகத்துக்குக் கை தப்பாது.

• சிப்ஸை ஊதக் காற்றை உடம்பின்மேலும் அச்சு சீல்களின்மேலும் பிடிக்காதீர்கள். மெக்னீசியம், டைட்டேனியம் நுண்சிப்ஸ் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. உலோகத் தீக்கான பொடி வேண்டும், மெஷின் பக்கத்திலேயே வேண்டும்.

• கூலன்ட் கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்றுங்கள், எண்ணெயில் தண்ணீரை அல்ல. வாரம் ஒருமுறையாவது ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஆவியாக ஆவியாக, அதன் உப்பு தொட்டியில் ஏறிக்கொண்டே போகும்.

• ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தை வெளிக் கதவில் வையுங்கள். ஸ்பிண்டில் டேப்பரிலும் கைடுகளிலும் புரோப் முனையிலும் வேண்டாம். கட்டிய வாழைக்கன்று எமர்ஜென்சி ஸ்டாப்பை மறைக்காமல் இருக்கட்டும். மாலையைக் கழற்றி, சுற்றிலும் பார்த்தபின் மெஷினை ஆன் செய்யுங்கள்.

• கன்ட்ரோலரின் பேட்டரி எச்சரிக்கை வந்தால் மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றுங்கள். ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் ஆஃப்செட், பாராமீட்டர், வீட்டு நிலை எல்லாம் அழிய வாய்ப்புண்டு. பாராமீட்டர் பேக்கப் ஒன்று பட்டறைக்கு வெளியேயும் இருக்கட்டும்.

மோதிவிட்டால்

மறைக்காதீர்கள். இது ஆபரேட்டருக்குச் சொல்வது. திட்டாதீர்கள். இது முதலாளிக்குச் சொல்வது. இரண்டாவது நடக்காமல் முதலாவது நடக்காது. யாருக்கும் சொல்லாமல் டூலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் அளவு ஏன் போகிறது என்று தெரியாமல் ஆஃப்செட்டை மாற்றிக்கொண்டே இருப்பார். கெட்ட பீஸ்கள் வாடிக்கையாளர் கைக்குப் போனபின்தான் விஷயம் வெளியே வரும்.

மோதலுக்குப் பிறகு இந்த வரிசையில் பாருங்கள். டெஸ்ட் பாரைப் போட்டு ஸ்பிண்டில் ரன்அவுட். டயலைச் சுழற்றி மேசைக்கும் ஸ்பிண்டிலுக்கும் செங்குத்து. ஏ அச்சை 0 டிகிரியில் வைத்து மேசை மட்டம். கடைசியாகச் சுழல் மையங்கள். எல்லாவற்றையும் தேதி போட்டு மெஷின் நோட்டில் எழுதி, மெஷின் வந்த நாளின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். அந்த நாளில் யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், மோதல் எதுவும் நடக்காத இந்த வாரத்திலேயே ஒரு மதியம் மெஷினை நிறுத்தி அளந்து, முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.