மக்காச்சோளத்தில் படைப்புழு: முதல் முப்பது நாள் கவனம்

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் இப்போது இளங்குருத்தாக நிற்கிறது. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கன் படைப்புழுவுக்கு இந்தக் குருத்துதான் விருந்து. புழு சிறிதாக இலைமேல் இருக்கும்வரை மருந்து படும். வளர்ந்து குருத்தின் அடிக்கு இறங்கிவிட்டால் அதன் எச்சமே மேலே மூடியாகிவிடும். அடிக்கிற மருந்து உள்ளே எட்டாது. ஆகவே தெளிப்பானைத் தூக்குமுன் வயலில் இறங்கி எண்ணுங்கள்.

எதைத் தேடுவது?

இலையில் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியதுபோல் முட்டைக்குவியல் இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால் கண்டதும் கையால் நசுக்குங்கள். குஞ்சுப் புழுக்கள் பச்சையைச் சுரண்டிய இடம் வெள்ளைக் கண்ணாடித்தாள்போல் தெரியும். அடுத்த கட்டத்தில் கிழிந்த ஓட்டைகளும், குருத்தில் ஈர மரத்தூள் போன்ற எச்சமும் காணப்படும். வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுவேதான்.

எப்படி எண்ணுவது?

வாரம் இருமுறை, காலை வெயில் ஏறுமுன் போங்கள். வரப்போரத்தை விட்டு உள்ளே சென்று, ஐந்து இடங்களில் இடத்துக்கு 20 செடிகள் வீதம் மொத்தம் 100 செடிகளின் குருத்தைப் பாருங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வரத்து முன்கூட்டியே தெரியும்.

எண்ணிக்கை சொல்வது என்ன?

5 செடிக்குக் குறைவாகத் தாக்குதல் இருந்தால் கையால் பொறுக்குவதே போதும். சிறு வயலானால் 9 பங்கு மணலுக்கு 1 பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் தூவலாம்.

5 முதல் 10 செடி என்றால் வேப்பமருந்து அடிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். பிழிந்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் அசாடிராக்டின் 1500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 5 மில்லி.

10 செடியைத் தாண்டினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம் தெளியுங்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் மருந்தை மாற்றி, குளோரான்ட்ரானிலிபுரோல் 18.5 எஸ்சி லிட்டருக்கு 0.4 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

தெளிக்கும்போது

காலையிலோ மாலையிலோ, தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடியுங்கள். மழை மூட்டம் இருந்தால் ஒரு நாள் பொறுங்கள். கனமழை குஞ்சுப் புழுக்களைத் தானே கழுவிவிடும், பிறகு மறுபடி எண்ணிக்கொள்ளலாம். முகக்கவசம், கையுறை இல்லாமல் தெளிக்க வேண்டாம். மருந்து பட்ட பயிரை ஆடுமாட்டுக்கு அறுத்துப் போட வேண்டாம்.

இனி விதைப்பவர்கள்

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறு, எள் அல்லது சூரியகாந்தி போடுங்கள். பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே சமயத்தில் விதைத்தால் புழுவுக்கு அடுத்தடுத்து இளங்குருத்து கிடைக்காது.

மருந்தடித்து ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் எண்ணுங்கள். புதிதாக விரியும் இலை ஓட்டையில்லாமல் வந்தால் வேலை முடிந்தது. பழைய ஓட்டையைப் பார்த்து இன்னொரு டேங்க் கலக்காதீர்கள்.